எங்கம்மாவும் ஆர்ட்டிசன்தான்!

‘சீஸ்’னு சொன்னா உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வரும்? கல்யாண வீட்டு ஸ்டேஜ்ல போட்டோகிராபர் நம்மளைச் சொல்லச் சொல்ற சீஸா? இல்ல, விளம்பரத்துல பீட்சாவைப் பிய்க்கும்போது ஒரு முழத்துக்கு இழுபடுமே, அதுவா? இந்த ரெண்டையும் தவிர மூணாவதா ஒரு சீஸ் இருக்குங்கிறதே பி.காம் செகண்ட் இயர் வரைக்கும் எனக்குத் தெரியாது.

எங்க கிளாஸ்ல ஒருத்தி இருக்கா. (பேரு வேண்டாம், படிச்சா சண்டைக்கு வருவா!) ஒரு காஃபி ஷாப்புல நடந்த ‘சீஸ் டேஸ்ட்டிங்’குக்குப் போயிட்டு வந்து ஒரு வாரம் பீட்டர் விட்டா. "இது ஃபேக்டரி அயிட்டம் இல்லப்பா... ஆர்ட்டிசனல்!" அப்படின்னா என்னடின்னு கேட்டேன். "மெஷின்ல மொத்தமா அடிக்காம, ஒருத்தங்க கையால, கொஞ்சமா, நேரம் எடுத்துச் செய்றது. அதான் விலை ஜாஸ்தி"ன்னா. 200 கிராம் என்ன விலைன்னும் சொன்னா. அந்தக் காசுக்கு எங்க வீட்டுல ஒரு வாரக் காய்கறி வந்துடும்.

எனக்குப் பொறாமையெல்லாம் இல்லீங்க. (சரி, லைட்டா.) ஆனா மண்டைக்குள்ள வேற ஒண்ணு ஓடிச்சு. கையால, கொஞ்சமா, நேரம் எடுத்து... இதைத்தானே எங்கம்மா அண்ணனூர்ல நின்னுக்கிட்டே பண்றாங்க?

அண்ணனூர் தெரியாதவங்களுக்கு: திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவுல ஒரு ஸ்டேஷன். ஃபாஸ்ட் லோக்கல்ல போறவங்க எங்க ஊரை ஜன்னல் வழியா மட்டும்தான் பார்த்திருப்பீங்க. அங்க பன்னிரண்டு பேர் இருக்குற ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுல எங்கம்மா மெம்பர். ஒரு அக்கா முறுக்கு, ஒருத்தங்க இட்லிப்பொடி, ஒருத்தங்க வடாம். எங்கம்மா பால்கோவா. ஆர்டர் வந்தா மட்டும் அஞ்சு லிட்டர் எருமைப் பாலை அடி கனமான வாணலியில ஊத்தி அடுப்புல வைப்பாங்க. ரெண்டரை மணி நேரம் துடுப்பு கையை விட்டு இறங்காது. ஒரு நிமிஷம் விட்டா அடிப் பிடிச்சுடும். அடிப் பிடிச்சா அந்த வாசனை போகவே போகாது, மொத்தமும் வேஸ்ட். போன் வந்தாக்கூட நான்தான் அம்மா காதுல வெச்சுப் பிடிக்கணும்.

விலை? கிலோ 360 ரூபாய். அதுக்கும், "என்னக்கா, வீட்டுலதானே செய்றீங்க... கொஞ்சம் பார்த்துப் போடுங்க"ன்னு பேரம் வேற!

ஸோ, அந்த சீஸ்ல அப்படி என்னதான் இருக்குன்னு நானும் தேடித் தேடிப் படிச்சேன். விஷயம் சிம்பிள்தான். பாலை லேசா சூடாக்கி, தயிருக்கு உறை ஊத்துற மாதிரி நல்ல பாக்டீரியா சேர்க்கிறாங்க. அப்புறம் ‘ரென்னட்’னு ஒண்ணு. பழைய முறையில இது கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற என்சைம், நம்ம நாட்டுல பெரும்பாலும் நுண்ணுயிர்ல இருந்து எடுத்த சைவ ரென்னட். பால் கட்டி ஆனதும் வெட்டி, தண்ணியை வடிச்சு, உப்பு போட்டு, அழுத்தி, மாசக்கணக்குல பழுக்க வைக்கிறாங்க. ஒரு கிலோ கெட்டி சீஸுக்கு சுமார் பத்து லிட்டர் பால். (மலிவா கிடைக்குற சில பாக்கெட்டை வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்கம் திருப்பிப் படிங்க. அதுல பாலுக்குப் பதிலா பாமாயில் இருக்கலாம். அதுக்குப் பேரு ‘அனலாக்’!)

யோசிச்சுப் பார்த்தா, நம்ம ஊர்ப் பக்கம் பால் திரிஞ்சு போச்சுன்னா முகம் சுளிச்சு, கீழே கொட்டிடுவோம். வங்காளத்துக்காரங்க அதே திரிஞ்ச பால்ல ரசகுல்லா பண்ணிட்டாங்க, பாண்டெல்னு ஒரு சீஸே வெச்சிருக்காங்க. ஜம்முவுல களாரி. நாம சுண்டக் காய்ச்சுற ரூட்டைப் பிடிச்சோம்: பால்கோவா, திரட்டுப்பால். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல புவிசார் குறியீடே கிடைச்சது. கட்டியா, கரண்டியில வெட்டிச் சாப்பிடுற மாதிரி நம்மகிட்ட இருந்தது சீம்பால்தான். மாடு கன்னு போட்டா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொம்புல போகும். அதைக் காசுக்கு வித்தா மாட்டுக்கு ஆகாதுன்னு எங்க பாட்டி சொல்வாங்க.

அதுக்காக தமிழ்நாட்டுல சீஸே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. ஆரோவில்ல இருக்கு, கொடைக்கானல்ல இருக்கு. ‘கயாமத் சே கயாமத் தக்’ எடுத்த இந்தி டைரக்டர் மன்சூர் கான், சினிமாவை விட்டுட்டு 2003ல குன்னூருக்கு வந்து, பண்ணை வெச்சு சீஸ் செய்ய ஆரம்பிச்சார். சென்னையிலேயே ‘கேஸே’ன்னு ஒரு நிறுவனத்தை 2016ல ரெண்டு பெண்கள் சேர்ந்து தொடங்கி, மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு வேலை குடுத்தாங்க. கேஸேன்னா ஜெர்மன்ல சீஸ்னுதான் அர்த்தம். நம்ம மிளகாய்ப்பொடியை வெச்சே ஒரு சீஸ் பண்ணிட்டாங்கன்னா பாருங்களேன்!

இத்தாலியில ப்ரா-ன்னு ஒரு சின்ன ஊர். (சிரிக்காதீங்கப்பா, ஊர்ப் பேரே அதான்.) ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கத்தோட சொந்த ஊர். 1986ல ரோம் நகரத்துல மெக்டொனால்ட்ஸ் கடை திறக்குறதை எதிர்த்துக் கிளம்பினவங்க. 1997ல இருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை செப்டம்பர்ல அந்த ஊர்ல ஒரு சீஸ் திருவிழா. ஊர் ரோடு முழுக்கக் கடை. காய்ச்சாத பால்ல பண்ற சீஸைத்தான் 2017ல இருந்து அங்க வைக்க முடியும்னு சட்டமே போட்டுட்டாங்க. ஏன்னா அந்தப் பால்லதான் அந்தந்த ஊர்ப் புல்லோட ருசி இருக்காம்.

படிச்சதுலயே நான் அசந்துபோன மேட்டர் இன்னொண்ணு. இத்தாலியில ‘பார்மிஜானோ’ன்னு ஒரு சீஸ். ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ, அதுக்கு 500 லிட்டருக்கு மேல பால், குறைஞ்சது 12 மாசம் பழுக்கணும். அதுவரைக்கும் விவசாயி சாப்பாட்டுக்கு என்ன பண்றது? அங்க ‘கிரெடெம்’னு ஒரு பேங்க், அந்த சீஸ் சக்கரத்தையே அடமானமா வாங்கிக்கிட்டு லோன் குடுக்குது. தங்க நகை வைக்கிற மாதிரி குடோன்ல அடுக்கி வெச்சிருக்காங்க!

இதை அம்மாகிட்ட சொன்னேன். துடுப்பை நிறுத்தாமலே சிரிச்சாங்க. "அப்ப நம்ம வாணலியைத் தூக்கிட்டுப் போய் பேங்க்ல வெச்சுடலாமாடி?"

நான் விடலை. "உங்க குழுவுக்கு லோன் குடுத்தப்ப என்ன அடமானம் கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கலை. பத்து லட்சம் வரைக்கும் கேக்கக் கூடாதாம். ஒருத்தி கட்டலைன்னா மத்த பதினோரு பேரும் அவ வீட்டு வாசல்ல போய் நிப்போம். அதான் அடமானம்."

இத்தாலிக்காரன் சீஸை நம்பினான், இங்க பொம்பளைங்களோட வாக்கை நம்பினாங்க. இது ஒண்ணும் சும்மா வந்த நம்பிக்கை இல்லை. தமிழ்நாட்டுல அரசு மூலமா சுய உதவிக் குழுக்கள் ஆரம்பிச்சது 1989ல, தருமபுரி மாவட்டத்துல. அப்புறம்தான் மகளிர் திட்டம்னு மாநிலம் முழுக்கப் போச்சு. நானும் என் தம்பியும் ஸ்கூல் ஃபீஸ் கட்டினதே அந்த உள்கடன்லதான்.

ஆனா அந்த மாசம் வீட்டுல ஒரு டென்ஷன் ஓடிக்கிட்டிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில அம்மாவை வேலைக்குக் கூப்பிட்டிருந்தாங்க. மாசம் 12,000, பி.எஃப் உண்டு. "இந்தக் கோவாவைக் கிண்டிக் கிண்டி தோள்பட்டை போனதுதான் மிச்சம்"னு அப்பா. அம்மா பதில் பேசலை. அப்பதான் குழுவுல ஊக்குநர் அக்கா ஒரு சேதி கொண்டுவந்தாங்க. மெரினாவுல மகளிர் சுய உதவிக் குழுக்களோட உணவுத் திருவிழா, 2024 டிசம்பர் 20ல இருந்து 24 வரைக்கும். "போய்ப் பார்த்துட்டு வாங்க. அடுத்த தடவை நம்மளும் ஸ்டால் கேக்கலாமான்னு யோசிப்போம்."

ஞாயித்துக்கிழமை. அம்மா, முறுக்கு அக்கா, நான். அண்ணனூர்ல ரயில் ஏறி மூர் மார்க்கெட்டுல இறங்கி, சப்வேயில பூந்து, அப்புறம் பறக்கும் ரயில். அந்த லைன்ல ஒரு பகுதியை 14 மாசம் மூடி வெச்சிருந்து அக்டோபர் கடைசியிலதான் திறந்திருந்தாங்க. திருவல்லிக்கேணியில இறங்கினா பீச்சுக்குப் போற ரோடு முழுக்கத் தலை. யாரையும் வழி கேட்கவே வேண்டாம், கூட்டமே கூட்டிட்டுப் போயிடுச்சு.

மணல்ல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே வாசனை. ஒரு பக்கம் எண்ணெய்ல வெங்காயம் வதங்குது, இன்னொரு பக்கம் மீன் பொரியுது, நடுநடுவுல கடல் காத்து வந்து எல்லாத்தையும் கலக்கிட்டுப் போகுது. மாவட்டம் மாவட்டமா ஸ்டால். கரூர் தோல் ரொட்டி, நாமக்கல் பள்ளிபாளையம் சிக்கன், சிவகங்கை உப்புக்கறி, மதுரை கறி தோசை, மயிலாடுதுறை இறால் வடை, நீலகிரி ராகி களி அவரைக் குழம்பு, விருதுநகர் கரண்டி ஆம்லெட், காஞ்சிபுரம் கோயில் இட்லி, புதுக்கோட்டை சுக்குமல்லி காபி... லிஸ்ட் எழுதும்போதே திரும்பப் பசிக்குது.

பள்ளிபாளையம் சிக்கனை நம்ம ஏரியா ஓட்டல்லயும் சாப்பிட்டிருக்கேன். சிவப்புக் கலர் போட்ட சில்லி சிக்கன் மாதிரி இருக்கும். நிஜம் அது இல்லை. மசாலாத் தூளே கிடையாது. காஞ்ச மிளகாய், சின்ன வெங்காயம், பல்லு பல்லா கீறின தேங்காய். அவ்வளவுதான். காரம் நாக்குல அடிக்காம மெதுவா தொண்டையில ஏறுது. கோயில் இட்லி அதைவிட அடக்கமான ஆளு. மிளகு, சீரகம், சுக்கு. முதல் வாய்ல "இவ்வளவுதானா?"ன்னு தோணும். மூணாவது வாய்ல சட்னியைத் தள்ளி வெச்சுடுவீங்க.

நான் சாப்பாட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அம்மா கைகளைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. கரண்டி ஆம்லெட் போடுற அக்காவோட மணிக்கட்டு, கறி தோசையைத் திருப்புற அக்காவோட முழங்கை... "பாருடி, வலது கையை மாத்தவே இல்லை. நைட்டு தைலம் தேய்க்காம தூங்க முடியாது"ங்கிறாங்க. மத்தவங்களுக்கு அங்க தெரிஞ்சது ருசி. அம்மாவுக்குத் தெரிஞ்சது தோள்பட்டை.

எங்களுக்கு முன்னாடி நம்ம வயசுப் பசங்க நாலு பேர். "அக்கா, இன்னொரு பீஸ் போடுங்கக்கா... கவர்மென்ட் ஸ்டால்தானே!" ஸ்டால் அக்கா சிரிச்சுக்கிட்டே, "பீஸ் கவர்மென்ட் குடுக்கலை தம்பி, நாங்க வாங்கினது"ன்னாங்க. பசங்க கையில இருந்த ஐஸ் காபி கப்பைப் பார்த்தேன். அந்தக் கடையில அவங்க "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க"ன்னு கேட்டிருப்பாங்களா? கேட்டிருக்க மாட்டாங்க. ஏ.சி போட்ட இடத்துல நமக்கு வாய் வராது. மண்ணெண்ணெய் ஸ்டவ், புடவை, ‘அக்கா’... இந்த மூணையும் பார்த்துட்டா போதும், பேரம் தானா வந்துடுது. அவங்களை ‘அக்கா’ன்னு கூப்பிடறது பாசத்துலயா, டிஸ்கவுன்ட்டுக்கா? எனக்கு அதுல ரொம்ப நாளா டவுட்.

சாயங்காலம் கூட்டம் கொஞ்சம் அசந்த நேரம், ஒரு ஸ்டாலுக்குப் பின்னாடி அம்மா போய் உட்கார்ந்துட்டாங்க. (எந்த ஊர் ஸ்டால்னு சொல்லலை. அது அவங்களோட கணக்கு.) ஒருத்தரை ஒருத்தர் முன்னப்பின்னப் பார்த்ததில்லை. ஆனா குழுன்னு சொன்னதும் "உங்க குழுவுல எத்தனை பேரு, எத்தனை வருஷம்"னு ஆரம்பிச்சு, பத்து நிமிஷத்துல சம்பந்தி மாதிரி ஆகிட்டாங்க. அப்ப அந்த அக்கா ஒரு நோட்டை எடுத்து அன்னைக்குச் செலவை எழுதினாங்க. அரிசி, எண்ணெய், கேஸ், தட்டு, கறி. அதுக்குக் கீழே ‘கூலி’ன்னு போட்டு அஞ்சு பேர். தன் பேரும் அதுல ஒண்ணு.

அம்மா அந்த வரியையே பார்த்தாங்க. "இது வெளியாளுக்கு எழுதுறதுங்களா?"

"இல்லக்கா, எங்களுக்குத்தான். இதை எழுதாம லாபம்னு பிரிச்சா, ஒருத்தி பத்து மணி நேரம் நின்னிருப்பா, ஒருத்தி ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போயிருப்பா. சண்டை வந்துடும். சண்டை வந்துதான் எழுத ஆரம்பிச்சோம்."

திரும்பி வர்ற ரயில்ல முறுக்கு அக்கா தூங்கிட்டாங்க. வில்லிவாக்கம் தாண்டினதும் அம்மா, "அந்த போனை எடு, கணக்குப் போடு"ன்னாங்க. நான் பி.காம் ஆச்சே! காஸ்ட் அக்கவுன்ட்டிங்ல முதல் பாடமே இதுதான்: டைரக்ட் மெட்டீரியல், டைரக்ட் லேபர், டைரக்ட் எக்ஸ்பென்ஸஸ் மூணையும் கூட்டினா பிரைம் காஸ்ட். புக்குல எல்லா உதாரணமும் ஃபேக்டரி. கோவா கிண்டுற அம்மா எந்தப் பக்கத்துலயும் வரலை.

பால் அஞ்சு லிட்டர், 70 ரூபாய் வீதம் 350. சர்க்கரை 18. கேஸ் 40. டப்பா 25. ஆக 433. இதுல கிடைக்குற கோவா ஒரு கிலோ 400 கிராம். 360 வீதம் வித்தா 504. மிச்சம் 71 ரூபாய். ரெண்டரை மணி நேரத்துக்கு. அதாவது மணிக்கு 28 ரூபாய் 40 காசு.

அம்மா ஒண்ணும் சொல்லலை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அம்பத்தூர் வந்துச்சு, எஸ்டேட்ல லைட் எரிஞ்சுது. எனக்கு பக்குனு ஆச்சு. கணக்கு அந்தக் கம்பெனி வேலைக்குத்தான் சாதகமா முடியப்போகுதுன்னு நினைச்சேன். திருமுல்லைவாயில்ல வண்டி நிக்கும்போது அம்மா கேட்டாங்க: "மணிக்கு 80 போட்டா கிலோ என்ன வரும்?"

452.

அடுத்த வாரக் கூட்டத்துல அம்மா நோட்டைத் திறந்து இதைப் படிச்சாங்க. நானும் போயிருந்தேன், கால்குலேட்டரா! ஊக்குநர் அக்காவுக்கு இஷ்டமில்லை. "ஒரே அடியா 90 ரூபா ஏத்தினா எவ வாங்குவா? கொஞ்சம் பால் பவுடர் கலந்தா விலையைக் கட்டுப்படுத்தலாமே?" அம்மா, "கலந்தா அது பால்கோவா இல்லக்கா"ன்னாங்க. "ஸ்வீட் கடையில இதைவிட அதிகம் குடுத்து வாயைத் திறக்காம வாங்கிட்டு வர்றாங்களே, அப்ப?"ன்னு இன்னொருத்தங்க. ஒரு மணி நேரம் செம ஃபைட். கடைசியில, பொங்கல் ஆர்டர் வரைக்கும் பார்ப்போம்னு முடிவாச்சு. கிலோ 450.

பொங்கலுக்கு வழக்கமா வாங்குறவங்கள்ல மூணு வீடு நின்னுபோச்சு. அதுல ஒருத்தங்க எங்க தெருவேதான். இப்பவும் கோலம் போடும்போது அம்மாவைப் பார்த்தா தலையைக் குனிஞ்சுக்கறாங்க. அம்மாவுக்கு அதுல கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது. ஆனா ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ஒரு வளைகாப்புக்கு மூணு கிலோ ஆர்டர் வந்துச்சு, பேரமே இல்லாம. அதைக் கிண்டி முடிச்ச ராத்திரி அம்மா நோட்டுல ‘கூலி’ன்னு எழுதி, தன் பேரையும் எழுதி, தொகையைப் போட்டாங்க. எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வரலைன்னு சொல்லிட்டாங்க. அப்பா இன்னும் முழுசா சமாதானம் ஆகலை. 12,000 வந்திருக்குமேன்னு அப்பப்ப சொல்லுவார். அவர் சொல்றதையும் தப்புன்னு சொல்ல முடியாது. ஆடி மாசம் ஆர்டரே இருக்காது.

இப்ப முறுக்கு அக்காவும் தன் நோட்டைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வர்றாங்க. "எனக்கும் அந்த வரியைப் போட்டுக் குடு கண்ணு." போடலாம்னு உட்கார்ந்தா சிக்கல். அவங்க மாவு பிசையும்போது பேரனைத் தூங்க வைக்கிறாங்க, சுத்தும்போது மாமியாருக்கு மருந்து குடுக்கிறாங்க, நடுவுல தண்ணி வந்தா குடம் தூக்க ஓடறாங்க. "முறுக்குக்கு மட்டும் எத்தனை மணி நேரம்க்கா ஆகும்?"னு கேட்டா, "தெரியலையே கண்ணு, தனியா செஞ்சு பார்த்ததே இல்லையே"ங்கிறாங்க.

அந்தக் கட்டம் மட்டும் இன்னும் காலியாவே இருக்கு. யாராவது காஸ்ட் அக்கவுன்ட்டிங் நல்லாத் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்கப்பா.